வலுவிழந்தோரை வீழ்த்தும் புழு: சயாம் இருப்புப்பாதையும் ஒரு நோயின் வரலாறும்

புழுவினால் மடிந்த மன்னனைத் திருமறை வாசகர் அனைவரும் அறிவர். தன்னைத் தெய்வமெனப் போற்றிய கூட்டத்தின் ஆரவாரத்தை மறுக்காதிருந்த ஏரோது அகிரிப்பா புழுக்களுக்கு இரையாகி உயிர் துறந்ததை அப்போஸ்தலருடைய நடபடிகளின் 12ஆம் அதிகாரத்தில் லூக்கா எழுதுகிறார். கி.பி. 44இல் நிகழ்ந்த இதே மரணத்தை யூத வரலாற்றாசிரியராகிய யோசேப்பஸும் குறிக்கிறார். ஆனால் அவர் கடும் வயிற்றுவலியையும் ஐந்து நாள் வேதனையையும் சொல்லுகிறாரேயன்றிப் புழுவைச் சொல்லவில்லை. இதற்கு முன்னரே மக்கபேயரின் இரண்டாம் நூல், அந்தியோகஸ் எப்பிபானேஸ் மன்னனின் உடலிலும் புழுக்கள் தோன்றியதாகக் கூறியிருந்தது. செருக்குற்ற கொடுங்கோலனின் முடிவு இப்படித்தான் அமையும் என்பது பண்டை உலகில் ஆழ வேரூன்றியிருந்த எண்ணம். நம்முடைய பிரசங்க மேடைகளிலும் புழு இன்றளவும் அகந்தைக்குரிய தண்டனையாகவே பேசப்படுகிறது.

நாம் இங்கு எடுத்துக்கொண்ட வரலாறு இதற்கு நேர்மாறானது. வலியவனுடைய குடலில் முப்பது நாற்பது ஆண்டுகள் ஓசையின்றிக் குடியிருந்து, அவன் மெலிந்த நாளில் அவனைக் கொல்லும் ஒரு புழுவைப் பற்றியது அது. அதன் அறிவியற்பெயர் ஸ்ட்ராஞ்சிலாய்டஸ் ஸ்டெர்கோராலிஸ். நூலிழையினும் மெல்லியதாகவும், முழு வளர்ச்சியடைந்த பெண்புழுகூட இரண்டு மில்லிமீட்டர் நீளத்தையே சற்றுக் கடப்பதாகவும் இருப்பதால், இதனை நூற்புழு என்றே இக்கட்டுரையில் அழைப்போம்.

1876ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுத் துறைமுக நகரமாகிய தூலோனில் லூயி நோர்மான் என்னும் கடற்படை மருத்துவர் பணியாற்றிவந்தார். இந்தோசீனத்தின் தென்பகுதியாகிய கொச்சின் சீனாவிலிருந்து திரும்பிய படைவீரர் பலர் தீராத வயிற்றுப்போக்கினால் எலும்பும் தோலுமாய் அவரிடம் வந்து சேர்ந்தனர். அவர்களுடைய மலத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, எண்ணற்ற சிறு புழுக்கள் நெளிவதை அவர் கண்டார். அவற்றை விவரித்துப் பெயரிட்டவர் பவே என்னும் அவருடைய உடன்பணியாளர். இறந்தோரின் குடலை அறுத்துப் பார்த்தபோது வேறொரு வடிவப் புழு கிடைக்கவே, இரண்டும் வெவ்வேறு இனம் என்றே முதலில் எண்ணினர். 1882இல் ஜெர்மானிய அறிஞர் லாய்க்கார்ட்டு, அவை ஒரே புழுவின் இரு தலைமுறைகள் என்று காட்டினார்: ஒன்று மனிதனுக்குள் வாழ்வது, மற்றது மண்ணில் தானே வாழ்வது.

இதன் வாழ்க்கை முறையைச் சிறிது விரிவாகவே நோக்கவேண்டும். பின்னால் வருவனவெல்லாம் அதைப் பொறுத்தவை. மலம் கலந்த ஈரமண்ணில் வாழும் இளம்புழு, வெறுங்காலோடு நடப்பவனுடைய தோலைத் துளைத்து உட்புகுகிறது. இரத்தத்தோடு கலந்து நுரையீரலை அடைந்து, அங்கிருந்து தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலைச் சேருகிறது என்பது அறிஞர் நெடுங்காலமாய்ச் சொல்லிவரும் வழி. குடலின் உட்சுவரில் பதிந்து வாழும் பெண்புழு, ஆண்புழுவின் துணையின்றியே முட்டையிடுகிறது. இதுவரை நம் நாட்டார் நன்கறிந்த கொக்கிப்புழுவின் கதையும் ஏறத்தாழ இதுவே. ஆனால் கொக்கிப்புழுவின் முட்டை மலத்தோடு வெளியேறி மண்ணில்தான் பொரியும். ஆகவே ஒருவன் மீண்டும் மீண்டும் அசுத்த நிலத்தை மிதித்தாலொழிய அவனுக்குள் புழுவின் தொகை பெருகாது; மண்ணைவிட்டு அகன்றால் சில ஆண்டுகளில் பழைய புழுக்கள் முதிர்ந்து மடிந்துபோகும். நூற்புழுவின் முட்டையோ குடலுக்குள்ளேயே பொரிந்துவிடுகிறது. வெளியேறவேண்டிய இளம்புழுக்களுள் சில, வெளியேறுமுன்னரே உருமாறி, குடற்சுவரையோ மலவாய்ப்புறத் தோலையோ துளைத்து, அதே மனிதனுக்குள் மறுபடியும் பயணத்தைத் தொடங்குகின்றன. ஹாம்பர்க் நகரத்து ஃபூல்லபோர்ன் போன்றோர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதனை ஆராய்ந்து விளக்கினர். தன்தொற்று என்று இதனைச் சொல்லலாம். இதனால் ஒருமுறை புகுந்த புழு, அம்மனிதன் மண்ணை மிதிக்காத பனிநாட்டில் காலணியோடு வாழ்ந்தாலும், தலைமுறை தலைமுறையாய் அவனுக்குள்ளேயே நிலைத்திருக்கக்கூடும்.

உடல் நலமாய் உள்ளவரை நோயெதிர்ப்பாற்றல் இதனை அழிக்காவிடினும் அடக்கி வைக்கிறது. அவ்வப்போது வயிற்றில் சிறு தொல்லை. இடுப்பிலும் தொடையிலும் அரிப்போடு கூடிய ஒரு சிவந்த கோடு தோன்றி, மணிக்குப் பல சென்டிமீட்டர் தூரம் ஊர்ந்து, மறுநாள் மறைந்துவிடும். தோலின்கீழ் இளம்புழு ஓடும் தடம் அது. இதைத் தவிர வேறு அடையாளமின்றி வாழ்ந்து முதுமையடைவோர் பலர்.

இனி 1942ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்து, பல்லாயிரம் பிரித்தானிய, ஆஸ்திரேலிய, இந்திய வீரர்கள் ஜப்பானியரின் கைதிகளாயினர். பர்மாவிலிருந்த தம் படைகளுக்குக் கடல்வழி பாதுகாப்பற்றதென்று கண்ட ஜப்பானியர், சயாமிலுள்ள பான்பொங்கிலிருந்து பர்மாவிலுள்ள தன்புசயாத்து வரை 415 கிலோமீட்டர் நீள இருப்புப்பாதையைக் காட்டின் ஊடே அமைக்க முற்பட்டனர். 1942இன் நடுப்பகுதியில் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. மலேசியத் தமிழர் இதனைச் சயாம் மரண ரயில் என்றே அழைக்கின்றனர்.

இதில் உழைத்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000க்கும் மேற்பட்டோர். அவர்களுள் 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளரின் தொகையோ 1,80,000 என்றும் 2,50,000க்கு மேல் என்றும் பலவாறு கூறப்படுகிறது. இறந்தோர் ஏறத்தாழ 90,000 என்பது பரவலான கணக்கு. இவ்விரு கணக்குகளின் வேறுபாட்டை வாசகர் கவனிக்கவேண்டும். படைவீரன் பெயராலும் எண்ணாலும் எண்ணப்பட்டான். கூலியாள் தலையளவில்கூடச் சரியாக எண்ணப்படவில்லை. மலேயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்டோர் 70,000க்கு மேற்பட்டவர்; அவர்களுள் பெரும்பாலோர் இரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் சீவிவந்த தமிழர். போரினால் இரப்பர் வாணிபம் நின்று, தோட்டங்கள் முடங்கி, அரிசிக்கு வழியின்றிக் கிடந்த காலம் அது. சில மாத வேலை, கூலி, சோறு என்னும் வாக்குறுதியை நம்பிச் சென்றோரும் உண்டு; வலிந்து பிடித்து ஏற்றப்பட்டோரும் உண்டு. மனைவி மக்களோடு சென்ற குடும்பங்களும் இருந்தன.

1943ஆம் ஆண்டின் பருவமழை அக்காட்டை ஒரே சேறாக்கியது. காலணி என்றோ அற்றுப்போயிருந்தது. கோவணத்தோடு, வெறுங்காலோடு, முழங்கால் அளவு சேற்றில் நின்று மண் வெட்டினர், பாறை உடைத்தனர். குழிக்கக்கூசுகள் மழையில் நிரம்பி வழிந்து முகாமெங்கும் பரவின. மே மாதத்தில் காலரா தோன்றியது. மலேரியா, சீதபேதி, பெரிபெரி, எலும்பு தெரியுமளவு காலை அரிக்கும் புண் ஆகியவற்றால் முகாம்கள் சுடுகாடுகளாயின. எட்வர்டு டன்லப் போன்ற கைதி மருத்துவர்கள் மூங்கிலும் தகரமும் கொண்டு கருவிகள் செய்து நோயாளரைக் காத்த வரலாறு பல நூல்களில் வந்துள்ளது. சுங்காய் முகாமில் சாகக் கிடந்து, இரு தோழரின் கவனிப்பினால் பிழைத்தெழுந்த ஸ்காட்லாந்துப் படையதிகாரி எர்னஸ்ட் கார்டன், பின்னர் போதகராகி, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத் தேவாலயத்தின் தலைவராய் விளங்கியதை நம் வாசகருள் சிலர் அறிந்திருக்கலாம். தமிழ்த் தொழிலாளரின் முகாம்களில் மருத்துவர் இல்லை என்றே சொல்லிவிடலாம். காலரா முற்றிய பின்னரே, 1943இன் நடுப்பகுதியில், சாங்கி சிறை முகாமிலிருந்து கே படை, எல் படை என்னும் இரு மருத்துவக் குழுக்கள், ஏறத்தாழ முந்நூறுக்கு மேற்பட்ட கைதிகளைக் கொண்டவை, ஆசியத் தொழிலாளருக்கென அனுப்பப்பட்டன. அவர்களுக்கும் மருந்து போதிய அளவு தரப்படவில்லை.

இத்தனை பெருநோய்களுக்கிடையே நூற்புழுவை யார் கவனிப்பார்? அந்தச் சேறோ, அதற்கென்றே ஆயத்தம் செய்யப்பட்ட விளைநிலம் போலிருந்தது. ஆயிரக்கணக்கான பாதங்களின் வழியே அது உட்புகுந்தது. போர் முடிந்தபின், பிழைத்தோருள் ஒரு சாரார் லிவர்பூலுக்கும் பெர்த்துக்கும், மற்றொரு சாரார் பேராக்கிலும் சிலாங்கூரிலுமுள்ள தோட்ட லயங்களுக்கும் அதைத் தம் குடலில் சுமந்து திரும்பினர்.

இக்கதையின் அடுத்த பகுதி முற்றிலும் வேறோர் இடத்தில் தொடங்குகிறது. 1948இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் பிலிப்பு ஹென்ச்சு, மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் என்னும் மருந்தைச் செலுத்தினார். சில நாட்களில் அவள் எழுந்து நடந்தாள். உலகமே வியந்தது, 1950இல் அவருக்கும் உடன் ஆய்ந்தோருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஸ்டீராய்டு எனப்படும் இம்மருந்தினம் ஆஸ்துமாவுக்கும் தோல்நோய்க்கும் புற்றுநோய்க்கும் கைகண்ட மருந்தாயிற்று. உடலின் எதிர்ப்பாற்றலைத் தணிப்பதே அதன் செயல். அழற்சி அடங்குவது அதனால்தான். ஆனால் நூற்புழுவை அதுகாறும் அடக்கிவைத்திருந்த காவலும் அதே எதிர்ப்பாற்றல்தான்.

காவல் தளர்ந்தவுடன் தன்தொற்று கட்டுக்கடங்காமல் பெருகுகிறது. இதனை மிகைத்தொற்று என்பர். இலட்சக்கணக்கான இளம்புழுக்கள் குடற்சுவரைத் துளைத்து நுரையீரலுக்கும் ஈரலுக்கும் மூளைக்கும் செல்லுகின்றன. குடலிலுள்ள நுண்கிருமிகளையும் அவை தம்மோடு இழுத்துச் செல்வதால், இரத்தம் நஞ்சேறுகிறது, மூளையுறை வீங்குகிறது. மருத்துவர் அந்நுண்கிருமிக்கு மருந்தளித்துக்கொண்டிருக்க, அதைச் சுமந்துவந்த புழு கண்ணில் படாமலே நோயாளி இறந்துவிடுவதுண்டு. மருத்துவமின்றி விடப்பட்டால் தப்புவோர் மிகச் சிலரே. 1966இல் பிரேசில் நாட்டு மருத்துவர், ஸ்டீராய்டு பெற்ற நோயாளர் இவ்வாறு மாண்டதை வெளியிட்டனர். அதே ஆண்டில் நிணநீர்ப் புற்றுநோயாளரிடமும் இது காணப்பட்டதாக அமெரிக்க இதழொன்று எழுதியது. அதன்பின் உலகின் பல பாகங்களிலிருந்தும் இத்தகைய செய்திகள் வரலாயின. இதில் மற்றொரு கண்ணியும் உண்டு. நுரையீரல் வழியே செல்லும் இளம்புழுக்கள் ஆஸ்துமாவைப் போன்ற இழுப்பை உண்டாக்கலாம். அதை ஆஸ்துமா என்றே கருதி ஸ்டீராய்டு கொடுத்தால், நோயைத் தணிப்பதாக எண்ணி அதற்கு வாயில் திறந்துவிட்டதாகிறது.

இவ்விரு கதைகளும் சந்தித்த இடங்களுள் ஒன்று லிவர்பூல். அங்குள்ள வெப்பமண்டல மருத்துவப் பள்ளி முன்னாள் போர்க்கைதிகளைப் பல ஆண்டுகளாய்ச் சோதித்துவந்தது. 1979இல் கில், பெல் என்னும் இரு மருத்துவர், தாம் சோதித்த 602 பேருள் 88 பேரிடம் நூற்புழு இருக்கக் கண்டதாக எழுதினர். சிறையிலிருந்து விடுபட்டு முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் புழு விடவில்லை. இருப்புப்பாதையில் உழைத்தவரிடமே அது மிகுதியாய் இருந்தது. மறு ஆண்டு மேற்கு ஆஸ்திரேலியாவில் குரோவ் என்பவர் சோதித்த 160 பேருள் 44 பேரிடம் அது இருந்தது. 1968 முதல் 2002 வரை லிவர்பூலில் சோதிக்கப்பட்ட 2,072 பேரின் கணக்கு 2004இல் வெளியாயிற்று. 248 பேர், அதாவது நூற்றுக்குப் பன்னிருவர், புழுவைச் சுமந்திருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர்க்கு அந்த ஊரும் சிவப்புக் கோடு பல்லாண்டுகளாய் வந்து வந்து மறைந்துகொண்டிருந்தது. ஸ்டீராய்டு மருந்து உட்கொள்ளும் நாள் ஒன்று வந்திருக்குமாயின் அவர்களுள் எவரும் மாண்டிருக்கக்கூடும். அதனாலேயே நலமாய் இருப்போரையும் அழைத்துச் சோதிக்கவேண்டுமென அம்மருத்துவர் வற்புறுத்தினர்.

அந்த 2,072 பேரும் பிரித்தானியப் படைவீரர். அவர்களைத் தேடிச் சோதித்ததில் குறைகாண நமக்கு விருப்பமில்லை, அது நற்பணியே. ஆயினும் அதே சேற்றில், அவர்களினும் பெருந்தொகையாய் நின்ற தமிழருக்கென அத்தகைய மருத்துவமனையொன்று எழவில்லை. காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசை வரிசையாய்ப் பெயர் பொறிக்கப்பட்டு, புல் வெட்டிப் பராமரிக்கப்படுகின்றன. 1990இல் அதே ஊருக்கருகே வயலொன்றில் பெயரறியாத நூற்றுக்கணக்கான உடல்களின் எலும்புகள் ஒரே குழியில் கிடைத்தன. 2000ஆம் ஆண்டு நவம்பரில் பிரித்தானிய அரசு தன் முன்னாள் கைதிகளுக்கு ஆளுக்கு 10,000 பவுன் நன்கொடை அறிவித்தபோது, தோட்டத் தொழிலாளர் அக்கணக்கில் சேரவில்லை. காஞ்சனபுரியில் தமிழருக்கென நடுகல் ஒன்று எழுந்தது 2023இல்தான். தோட்டத்து லயத்தில் இழுப்பினாலோ காய்ச்சலினாலோ இறந்த ஒரு முதியவரின் குடலில் என்ன இருந்ததென்று பார்க்க எவரும் இருந்ததில்லை. நோயின் வரலாறு என்று நாம் வாசிப்பது பெரும்பாலும், சோதிக்கப்பட்டோருடைய வரலாறே என்பதை இங்கு மறக்கலாகாது.

சோதனையே எளிதன்று என்பதும் உண்மை. மற்றக் குடற்புழுக்களை மலத்திலுள்ள முட்டையால் அறியலாம். நூற்புழுவின் முட்டை வெளியே வருவதில்லை. இளம்புழுவும் நாள்தோறும் வருவதில்லை. ஒருமுறை பார்த்து இல்லையென்று சொல்லிவிட்டால் பாதிக்கு மேல் தவறிப்போகலாம். இரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைக் கண்டறியும் முறை பிற்காலத்தில் வந்தது. பள்ளிகளில் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குத் தரப்படும் அல்பெண்டசோல் மாத்திரை ஒருவேளை மட்டும் உட்கொண்டால் இதற்குப் போதுமானதன்று.

எய்ட்ஸ் நோய் 1981இல் வெளிப்பட்டபோது, அந்நோயாளரிடையே நூற்புழு பெருந்தொகையாய்க் கிளம்பும் என மருத்துவர் அஞ்சினர். அஞ்சிய அளவில் அது நிகழவில்லை; மாறாக ஜப்பானின் தென்பகுதி, கரிபியத் தீவுகள் முதலிய இடங்களில் பரவியிருக்கும் எச்.டி.எல்.வி.-1 என்னும் வேறொரு நச்சுயிரியே இப்புழுவுக்குத் துணைநிற்பது தெரியவந்தது. மருந்து வேறொரு திசையிலிருந்து வந்தது. ஜப்பானியர் சத்தோஷி ஓமுரா மண்ணிலிருந்து எடுத்த ஒரு நுண்ணுயிரைக் கொண்டு, மெர்க் நிறுவனத்தில் பணியாற்றிய வில்லியம் கேம்ப்பெல் ஐவர்மெக்டின் என்னும் மருந்துக்கு வழிகோலினார். 2015இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மண்ணின் வழியே வந்த நோய்க்கு மண்ணிலிருந்தே மருந்து கிடைத்ததை ஒரு பிரசங்கியார் நன்கு பயன்படுத்திக்கொள்ளலாம். நாம் அதற்குள் இறங்கவில்லை. இம்மருந்தின் ஓரிரு வேளை நூற்புழுவைப் பெரும்பாலும் அகற்றிவிடுகிறது. ஆனால் மிகைத்தொற்று முற்றிய பின்னர்க் கொடுத்தால் பலவேளைகளில் காலம் கடந்துவிடுகிறது. ஆதலால் முன்கூட்டியே கொடுப்பதுதான் பயன்.

2020 ஜூன் மாதத்தில், கோவிட் நோயினால் மூச்சுத்திணறி உயிர்வளி பெற்றுவந்தோரின் இறப்பை டெக்சாமெத்தசோன் குறைப்பதாக ஆக்ஸ்போர்டு ஆய்வு கூறியது. அதுவும் ஸ்டீராய்டே. உடனே உலகெங்கும், நம் நாட்டிலும், அது கோடிக்கணக்கில் பயன்பட்டது, உயிர்களையும் காத்தது. வெப்பநாடுகளில் வாழ்ந்தோருக்கு அதனைக் கொடுக்குமுன் நூற்புழுவை நினைக்கவேண்டும் என்று அவ்வாண்டிலேயே மருத்துவர் சிலர் எச்சரித்தனர். சேற்றில் நடந்த கால்கள் இன்னும் எத்தனை உண்டு என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது. உலகில் இப்புழுவைச் சுமப்போர் 30 கோடி முதல் 60 கோடி வரை என மதிப்பிடப்படுகிறது. தமிழ்நாட்டின் கிராமப்புறப் பெரியோரிடையே இரத்தச் சோதனை நடத்தி 2022இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், ஏறத்தாழ மூவருள் ஒருவருக்கு இதன் தடயம் இருந்தது.

நம் வாசகருள் பெரும்பாலோர் கிராமச் சபைகளில் பணிபுரிவோர். மூட்டுவலிக்கும் இழுப்புக்கும் பெயர் தெரியாத ஒரு மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கி, முகம் உப்பி வீங்கிய வயல் தொழிலாளரை அவர்கள் நோயாளர் சந்திப்பில் கண்டிருப்பர். அம்மாத்திரை பெரும்பாலும் ஸ்டீராய்டாகவே இருக்கும். கொடுத்தவர் பலவேளைகளில் மருத்துவரும் அல்லர். அதை இடையில் திடீரென நிறுத்துவதும் ஆபத்தே. அத்தகையோரை மருத்துவமனைக்கு அனுப்பும்போது, இவர் வெறுங்காலோடு வயலில் உழைத்தவர் என்னும் ஒரு வார்த்தையை மருத்துவரிடம் சேர்த்துச் சொல்லலாம்.

2024ஆம் ஆண்டு இறுதியில் உலக சுகாதார நிறுவனம் ஒரு புதிய வழிகாட்டுதலை வெளியிட்டது. நூற்றுக்கு ஐவருக்கோ அதற்கு மேலோ நூற்புழு உள்ள இடங்களில், ஒவ்வொருவராய்ச் சோதிக்காமலே, ஐந்து வயது முதல் அனைவருக்கும் ஆண்டுக்கு ஒருவேளை ஐவர்மெக்டின் கொடுக்கலாம் என்பது அதன் சாரம். 1876இல் தூலோனில் நோர்மான் நுண்ணோக்கியில் கண்ட நாளிலிருந்து அதற்கு 148 ஆண்டுகள் சென்றிருந்தன.